வலிக்கும் முதுகும் வலிக்காத ரத்த அழுத்தமும்

தேக்கா பஃப்ளோ ரோட்டுக் கடைகளின் முன்னால் சரக்கு வண்டி வந்து நின்றதும் வேலை தொடங்கிவிடும். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்குப் பெட்டி, வாழையிலைக் கட்டு என ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தோளேறித்தான் கடைக்குள் போகிறது. சிராங்கூன் சாலை உணவகத்தில் பரோட்டாக் கல்லின் முன்னால் ஒருவர் மணிக்கணக்காக நிற்கிறார். பூக்கடையில் இன்னொருவர் குனிந்த தலை நிமிராமல் மாலை கட்டுகிறார். கட்டுமானத் தளங்களில் கம்பி கட்டுபவர், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கும் தாதி, நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்து பேருந்து ஓட்டுபவர் ஆகியோரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை தரும் முதுகுவலி இவர்களுக்குப் புதிதல்ல. இரவில் தைலம், தேவைப்பட்டால் இரண்டு மாத்திரை, மறுநாள் மறுபடியும் வேலை. அதுதான் பலருக்குத் தெரிந்த மருத்துவம்.

இதே உடம்பில் வேறொன்றும் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதற்கு வலி கிடையாது. அதன் பெயர் உயர் ரத்த அழுத்தம். ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படும்வரை பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. முதுகுவலியையும் பக்கவாதத்தையும் தொடர்பில்லாத இரு நோய்களாகவே நாம் நினைக்கிறோம். ஆனால், இரண்டின் வேர்களும் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதுகுவலிக்காக நாம் விழுங்கும் மாத்திரையும் அந்த இடங்களில் ஒன்று.

முதுகில் என்ன நடக்கிறது?

இயற்பியல் படிப்பவர்கள், ‘மொமண்ட்’ எனப்படும் திருப்புத்திறன் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 25 கிலோ அரிசி மூட்டையின் எடை ஏறத்தாழ 250 நியூட்டன். அதை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஏந்தினால் உண்டாகும் திருப்புத்திறன் 250 × 0.4, அதாவது 100 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்ய வேண்டியவை முதுகெலும்பை ஒட்டியுள்ள தசைகள். அவை எலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. ஆகவே, அவை 2,000 நியூட்டன் விசையோடு இழுக்கவேண்டியிருக்கிறது. கையில் இருப்பது 25 கிலோ. கீழ் முதுகில் விழும் கூடுதல் சுமையோ 200 கிலோ எடைக்குச் சமம். குனிந்திருக்கும் மேலுடம்பின் எடையை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை.

அதே மூட்டையை உடம்போடு ஒட்டி, 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் தசை இழுக்கவேண்டிய விசை பாதியாகக் குறைகிறது. “மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கு” என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

முதுகெலும்புகளுக்கு இடையே ‘டிஸ்க்’ என்று நாம் சொல்லும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவற்றின் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் வட்டுக்குள் நுண்ணிய உணர்கருவியைப் பொருத்தி அளந்தார்கள். 1999ல் வெளியான முடிவுகளின்படி, நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல். அது காரின் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கியபோது அது 1.7ஆகக் குறைந்தது.

அமெரிக்காவின் தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் வகுத்த சூத்திரப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோதான். பொருள் தரையில் இருந்தாலும், உடலைத் திருப்பித் தூக்கினாலும், அடிக்கடி தூக்கினாலும் அந்த வரம்பு இன்னும் இறங்கும். 25 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பைத் திருப்பி அலமாரியில் வைப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த வரம்பைத் தாண்டுகிறார்.

தூக்குபவர்களுக்கு மட்டும்தான் முதுகுவலி வரும் என்பதில்லை. அசையாமல் நீண்ட நேரம் உட்கார்வது, குனிந்தே நிற்பது, வண்டியின் அதிர்வு ஆகியவையும் காரணங்கள். 2020ல் உலகம் முழுவதும் 619 மில்லியன் பேர் கீழ் முதுகுவலியோடு வாழ்ந்ததாக ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் குழுமம் 2023ல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. 2050ல் அது 843 மில்லியனாக உயரலாம் என்றும் அது கணித்தது.

சத்தமின்றி வளரும் ஆபத்து

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ ஏற்படுவது பக்கவாதம். பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. பெரிய குழாய் அடைபடும்போது சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 1.9 மில்லியன் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது மருத்துவ உலகில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு.

சிங்கப்பூரில் 2011ல் பதிவான பக்கவாதச் சம்பவங்கள் 6,142. 2021ல் அவை 9,680. மக்கள்தொகை மூப்படைவது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் வயது மட்டுமே காரணமில்லை. 32 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் நடத்தப்பட்டு 2016ல் வெளியான ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு, பத்து ஆபத்துக் காரணிகளே பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்குப் பின்னால் இருப்பதாகக் கண்டது. உயர் ரத்த அழுத்தம், உடலியக்கக் குறைவு, ரத்தத்தில் கொழுப்பு, உணவுப் பழக்கம், வயிற்றுப் பகுதிப் பருமன், மன உளைச்சல், புகைபிடித்தல், இதயக் கோளாறு, மது, நீரிழிவு ஆகியவையே அந்தப் பத்து. இவை அனைத்தையும் ஏதோ ஓர் அளவுக்கு நம்மால் மாற்றவோ கட்டுப்படுத்தவோ முடியும்.

பட்டியலில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அது மட்டுமே ஏறக்குறைய பாதிப் பக்கவாதங்களோடு தொடர்புடையது. நீண்ட காலம் அதிக அழுத்தத்தில் ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. சுவர் தடித்து, விறைத்து, கொழுப்புப் படிவதற்கு இடம் கொடுக்கிறது. மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலோருக்குத் தலைவலிகூட இருக்காது.

சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரையிலான குடியிருப்பாளர்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 2017ல் 24.2 விழுக்காடு. 2021-2022ல் அது 37 விழுக்காடு. மூவரில் ஒருவருக்கும் அதிகம். இந்தியர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் அதுவே ஆக அதிகம். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் சேரும்போது ரத்தக் குழாய்களுக்கு இரட்டிப்புச் சோதனை.

உப்பும் இதில் ஒரு பங்காளி. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக உட்கொள்வது 3,620 மில்லிகிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, உடனடி நூடல்ஸ், சாஸ் என உப்பு பல பெயர்களில் தட்டுக்கு வருகிறது. 2027 நடுப்பகுதியிலிருந்து உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை வரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

இரண்டு நோய்களும் சந்திக்கும் இடம்

கீழ் முதுகுவலியின் சுமையில் ஏறத்தாழ 39 விழுக்காட்டுக்கு மூன்று காரணிகள் பொறுப்பு என்கிறது மேலே சொன்ன 2023 ஆய்வு: வேலையிடத்தில் உடலுக்குப் பொருந்தாத பணிமுறை, புகைபிடித்தல், உடற்பருமன். இவற்றில் பின்னிரண்டும் பக்கவாதப் பட்டியலிலும் இருக்கின்றன. முதுகெலும்பு வட்டுகளுக்குப் போதிய ரத்தக்குழாய்கள் கிடையாது. சுற்றியுள்ள குழாய்களிலிருந்து கசிந்துவரும் ஊட்டத்தை நம்பியே அவை இருக்கின்றன. புகைபிடித்தல் அந்த வரத்தைக் குறைக்கிறது. மூளைக்குச் செல்லும் குழாய்களையும் அதே பழக்கம்தான் சுருக்குகிறது.

அடுத்தது வேலை நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து 2021ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கும் அதிகமாகவோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம்.

இதைச் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வரும் ஊழியருக்கு வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 44 மணி. அதற்குமேல் மாதத்துக்கு 72 மணி நேரம் வரை ஓவர்டைம் செய்யலாம். 72 மணியை வாரக் கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். ஆக மொத்தம் வாரத்துக்கு 60 மணியைத் தாண்டுகிறது. சட்டத்தை மீறாமலேயே ஒருவர் 55 மணி எல்லையைக் கடந்துவிட முடியும். ஊரில் வாங்கிய கடனை அடைக்க வந்திருப்பவருக்கு ஓவர்டைம் என்பது வருமானம். அதை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. நேரத்தைக் குறைக்க முடியாதவர்களுக்கு ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

மூன்றாவது சந்திப்பு, மாத்திரை. முதுகுவலிக்குப் பரவலாகப் பயன்படும் டைக்லோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை ஸ்டெராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்ற வகையைச் சேர்ந்தவை. வலியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அவை தடுக்கின்றன. ஆனால் அதே வகைப் பொருள்கள்தாம் சிறுநீரகத்தில் உப்பும் நீரும் வெளியேறவும் துணைபுரிகின்றன. அவை தடைபட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சில ரத்த அழுத்த மருந்துகளின் வேலையையும் இவை மந்தப்படுத்துகின்றன.

2015 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகள் பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே கூடலாம், அளவும் காலமும் நீள நீள ஆபத்தும் வளரலாம் என்றது அது. பாரசிட்டமோல் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. இருந்தாலும், ஸ்காட்லாந்தில் உயர் ரத்த அழுத்தமுள்ள 110 பேரிடம் நடத்தப்பட்டு 2022ல் வெளியான சோதனையில், நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு வாரம் சாப்பிட்டபோது மேல் அழுத்தம் சுமார் 5 அலகு உயர்ந்தது.

இதற்காக யாரும் மாத்திரையைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுவது வேறு. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அட்டையிலிருந்து மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. அப்படிச் செய்பவர் வலியை அடக்கிக்கொண்டு அதே மூட்டையைத் தூக்குகிறார். முதுகும் தேறுவதில்லை, ரத்த அழுத்தமும் இறங்குவதில்லை.

பெல்ட், ஓய்வு, நடை: எது உதவும்?

சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுக்கையிலேயே கிடப்பது குணமடைவதைத் தாமதப்படுத்தும். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடுவதே நல்லது. நாள்பட்ட கீழ் முதுகுவலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய தெளிவும் அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இடுப்பு பெல்ட் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை. உடலியக்கம் பக்கவாத ஆபத்தையும் குறைக்கும் என்பதால் இங்கே ஒரே மருந்து இரு நோய்க்கும் பயன்படுகிறது.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. கால் வலுவிழப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவை நரம்பு நசுங்குவதைக் காட்டலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சொல்லத் தயங்குவதன் விலை

மூட்டை தூக்கும்போது முதுகில் ‘பிடித்துக்கொண்டால்’ பலர் அதை மேற்பார்வையாளரிடம் சொல்வதில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியரின் சம்பளத்தையோ நாட்டையோ பார்ப்பதில்லை. முதலாளியின் தவறு என்று நிரூபிக்கவேண்டியதுமில்லை. காயம் வேலையால் ஏற்பட்டதாக இருக்கவேண்டும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோரவேண்டும். கை முறிந்தால் எக்ஸ்ரே சாட்சி சொல்லும். முதுகுவலிக்கு அப்படியொரு சாட்சி எப்போதும் கிடைப்பதில்லை. அதனால்தான் நடந்த அன்றே சொல்லி, மருத்துவரிடமும் எப்படி நேர்ந்தது என்பதைப் பதிவுசெய்வது முக்கியம்.

இழப்பீட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாமல் தவிக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு, ‘டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ’ அமைப்பின் கஃப் ரோடு திட்டம் 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கிவருகிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப்போகும் அதே தெருக்களில்தான் அந்த வரிசையும் நிற்கிறது.

பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். வேலை ஒப்பந்தத்தின்கீழ் கிடங்கிலோ உணவகத்திலோ பகுதிநேரமாக வேலை செய்தாலும் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உணவு விநியோகம் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் வேலைக் காய இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு.

முகம், கை, பேச்சு, நேரம்

பக்கவாதத்தை அடையாளம் காண ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்பார்கள். தமிழில் நான்கு சொற்களை நினைவில் வைத்தால் போதும். முகம்: சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் தொங்குகிறதா? கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே சரிகிறதா? பேச்சு: குழறுகிறதா, பொருந்தாத சொற்கள் வருகின்றனவா? நேரம்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 995ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பதால் அந்த நேரம் மருத்துவருக்கு மிக முக்கியம். அறிகுறிகள் சில நிமிடங்களில் தாமாகவே மறைந்தாலும் “சரியாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் விடச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியம் நேரத்தை வீணாக்கும். தண்ணீர் கொடுத்தால் புரையேறலாம். ஆஸ்பிரின் கொடுக்கவும் கூடாது, ஏனெனில் ரத்தக் கசிவினால் வந்த பக்கவாதமாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

மாணவர்களால் ஆகக்கூடியவை

பல வீடுகளில் மருந்து உறையின் சிறிய எழுத்தைப் படிக்கக்கூடியவர், செயலியில் முன்பதிவு செய்யத் தெரிந்தவர், வீட்டில் படிக்கும் பிள்ளைதான். அந்தத் திறமையை இங்கே பயன்படுத்தலாம்.

அப்பாவோ அம்மாவோ முதுகுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அட்டையைப் புரட்டிப் பாருங்கள். மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு மருந்தாளரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தச் சொல்லவேண்டாம்.

வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் அவர்கள் பதிவு செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் காட்டினால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தங்குவிடுதியில் வசிக்கும் உறவினரோ ஊர்க்காரரோ இருந்தால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம் பற்றிச் சொல்லுங்கள். “எனக்கு ஒன்றுமில்லை தம்பி” என்று அண்ணன் மறுத்தால், ஒரு நிமிடம் கையை நீட்டி அளந்து பார்க்கத்தானே கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.

உங்கள் உடம்பையும் மறக்கவேண்டாம். கணினி முன்னால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கனமான பொருளை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். திரும்பவேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்துங்கள். முதல் சிகரெட்டை நீட்டும் நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதுகு வலிக்கும்போது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் ஏறியிருப்பது அளந்தால்தான் தெரியும். அடுத்த முறை வீட்டில் யாராவது தைலத்தை எடுத்துவரச் சொன்னால், அதைத் தேய்த்துவிட்ட கையோடு கேளுங்கள்: “கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?”